கையில் சிப் வைத்துக்கொள்ளலாமா? மதுரைப் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா?

திருநகர்_சால்டரிங் | வியாழன், இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். திருப்பரங்குன்றம் பக்கம் இ.சி.இ. மூன்றாம் வருடம் படிக்கிறேன். இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதையில் ஒரு என்.எஃப்.சி. சிப் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ யாராவது செய்திருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. குறுக்கே 2 மி.மீ., நீளம் 14 மி.மீ. உள்ளே ஒரு கம்பிச் சுருளும் சிப்பும்தான். பேட்டரி கிடையாது. ரீடர் பக்கத்தில் வந்தால், அது வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். விலகினால் அடங்கிவிடும். பரவலாக இருக்கும் என்டேக்216 வகையில் 888 பைட் எழுதலாம். ஜி.பி.எஸ். இல்லை, அதனால் தூரத்திலிருந்து யாரும் நம்மைப் பின்தொடர முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளை நம்ப வேண்டாம்.

இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெவின் வார்விக் 1998லேயே கையில் சிப் வைத்து, கதவும் விளக்கும் தன்னைக் கண்டதும் இயங்கும்படி செய்தார். 2005ல் அமெரிக்காவில் அமால் கிராஃப்ஸ்ட்ரா இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டார், பிறகு அதையே தொழிலாக்கினார். சுவீடனில் ஆயிரக்கணக்கானோர் வைத்திருக்கிறார்கள். 2017ல் விஸ்கான்சினில் ஒரு கம்பெனியில் ஊழியர்கள் ஐம்பது பேர் போல விரும்பி வைத்துக்கொண்டார்கள்.

மாடி அறைக் கதவுக்கு நானே ரீடர் வைத்துப் பூட்டு செய்துவிட்டேன். பார்ட்ஸ் எல்லாம் டவுன்ஹால் ரோட்டில் வாங்கியதுதான். இப்போது கார்டைக் காட்டித் திறக்கிறேன், அது கையாக மாற வேண்டும். ஒரு பியர்சிங் கடையில் கேட்டேன், செய்து தருகிறேன் என்றார்கள். அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. திட்டு வீட்டிலேயே கிடைக்கிறது, இங்கே தகவல் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

கோரிப்பாளையம்_செவிலி | வியாழன், இரவு 10.15

தம்பி, திட்டப்போவதில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் சிப்பைப் பற்றி நிறையப் படித்திருக்கிறீர்கள். கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நீங்கள் சொல்லும் அந்தச் சதையில் தோலுக்கு அடியில் மெல்லிய கொழுப்பு, அதற்குக் கீழே கட்டைவிரலை இழுக்கும் தசை. தொடு உணர்வு தரும் நரம்பின் கிளைகள் அந்த வழியாகத்தான் புறங்கைக்குப் போகின்றன, ரத்தக் குழாயும் உண்டு. குப்பி தோலுக்கும் தசைக்கும் நடுவில் உட்கார வேண்டும். ஆழமாகப் போய்விட்டால் ரீடர் படிக்காது, எடுப்பதும் கஷ்டம். மேலாக நின்றுவிட்டால் தோலை அரித்துக்கொண்டு வெளியே வரும்.

இன்னொன்றை இப்போதே பாருங்கள். உங்கள் இடது தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு எப்படி இருக்கிறது? தட்டையாக இருந்தால் சரி. தடித்து, சிவந்து, அரிப்போடு வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கெலாய்டு வரும் உடம்பு. நம் நிறத்தவர்களுக்கு அது அதிகம். அம்மா, அக்கா யாருக்காவது காது குத்திய இடத்தில் உருண்டை வளர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

டெட்டனஸ் ஊசி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இரண்டும் போட்டிருக்கிறீர்களா? சர்க்கரை உண்டா? பதில் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

பைபாஸ்_பச்சை | வியாழன், இரவு 11.02

பச்சை குத்துவதும் பியர்சிங்கும்தான் என் தொழில். பைபாஸ் ரோட்டில் கடை. இந்தச் சிப் வைக்கச் சொல்லி என்னிடமும் பசங்கள் வருகிறார்கள். நான் செய்வதில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

2 மி.மீ. குப்பி உள்ளே போக வேண்டும் என்றால் ஊசியின் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மூக்கு, காது குத்துகிற ஊசி அதன் கிட்டவே வராது. வலிக்கும், மரத்துப்போக ஊசி வேண்டும், அந்த ஊசி போட எனக்கு உரிமை கிடையாது. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிட்டார்கள் என்று போலீஸ் கைது செய்து கடைக்குச் சீல் வைத்தது நினைவிருக்கும். பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள் அதை ரீல்ஸில் பார்த்துவிட்டு எங்கள் கடைகளுக்கு வந்து கேட்டார்கள். எது அலங்காரம், எது அறுவை சிகிச்சை என்கிற கோடு அந்த வழக்குக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

உங்களுக்குச் செய்து தருகிறேன் என்று சொன்ன கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஆட்டோகிளேவ் இருக்கிறதா? 121 டிகிரியில் நீராவி அழுத்தத்தில் பதினைந்து இருபது நிமிடம் வைக்கும் பெட்டி. "டெட்டால்ல ஊறப் போட்டிருக்கோம்" என்று பதில் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

உசிலை_மண் | வெள்ளி, காலை 6.50

நம் ஊருக்கு இது ஒன்றும் புதிது கிடையாது. என் அப்பத்தா காது தோளைத் தொடும். சின்னப் பிள்ளையிலேயே குத்தி, பஞ்சைத் திரித்து வைத்து, ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, சதை நீண்டு ஆறிய பிறகுதான் தண்டட்டி போடுவார்கள். உசிலம்பட்டி, செக்கானூரணி, கருமாத்தூர் பக்கம் வயதானவர்களிடம் இன்றைக்கும் பார்க்கலாம்.

அதைச் செய்தவர்களுக்குக் கைப்பழக்கம் இருந்தது. எவ்வளவு நாளுக்கு ஒரு முறை பஞ்சு மாற்ற வேண்டும், சீழ் வைத்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். தம்பிக்கு அந்த மாதிரி பக்கத்தில் இருந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? அதுதான் என் கேள்வி.

திருநகர்_சால்டரிங் | வெள்ளி, காலை 8.20

செவிலி அக்கா, தழும்பு தட்டையாகத்தான் இருக்கிறது. சர்க்கரை இல்லை. டெட்டனஸ் போட்டது பத்தாம் வகுப்பில். ஹெபடைட்டிஸ் பி பற்றி வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பச்சை அண்ணே, நன்றி. அந்தக் கடையில் கேட்கிறேன். வெளிநாட்டில் விற்பவர்கள் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் சுத்தம் செய்து, ஊசிக்குள்ளேயே ஏற்றி, சீல் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அது போதாதா?

பைபாஸ்_பச்சை | வெள்ளி, காலை 9.05

பொருள் சுத்தமாக வரும் தம்பி. கை, கையுறை, மேஜை, தோல் இதெல்லாம் பார்சலில் வராதே.

வில்லாபுரம்_அம்மா | வெள்ளி, மதியம் 2.30

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பில் கருவி ஒட்டிக்கொண்டு வாழ்வது எங்கள் வீட்டில் தினப்படி வேலை. அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. இனிப்பு சாப்பிட்டதால் வந்ததா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாலு வேளை ஊசி. முதலில் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தோம். பிறகு தோள்பட்டைக்குக் கீழே ஒட்டும் சென்சாருக்கு மாறினோம். மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் இருக்கும், 14 நாள் வரும், விலை நாலாயிரம் ஐயாயிரம் ஆகிவிடும். அதுவும் தம்பி சொல்கிற அதே என்.எஃப்.சி.தான், போனைக் காட்டினால் அளவு தெரியும்.

ஆனால் நாங்கள் வாங்கிய வகையில் தானாகச் சத்தம் போடும் வசதி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவனுக்குச் சர்க்கரை 54க்கு இறங்கினால் நான் எழுந்து போனைக் காட்டினால்தான் தெரியும். தூங்கிவிட்டால்? இதற்காகச் சிலர் சென்சாருக்கு மேலே ஒட்டும் சின்ன புளூடூத் கருவியையும், எக்ஸ்டிரிப் என்ற இலவசச் செயலியையும் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பெற்றோர் குழுவில் தெரிந்துகொண்டேன். அந்தச் செயலியை எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான், கம்பெனி கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு வரும், 80க்குக் கீழே போனால் என் போன் அலறும். அது வந்த பிறகுதான் என் வீட்டுக்காரரும் நானும் ஒரே நேரத்தில் தூங்க ஆரம்பித்தோம்.

இதன் பின்கதை உங்களுக்குப் பிடிக்கும். 2013ல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்கிற இன்ஜினியர், சின்னப் பையனாக இருந்த தன் மகனின் சென்சார் அளவை ஆபீஸிலிருந்தே பார்க்க வேண்டும் என்று அந்தக் கருவியின் தகவலைத் தானே பிரித்து இணையத்தில் ஏற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நைட்ஸ்கவுட், சென்சார் அளவை இணையத்தில் எங்கிருந்தும் பார்க்க உதவும் இலவச மென்பொருள். "நாங்கள் காத்திருக்கப் போவதில்லை" என்பது அந்தப் பெற்றோர்கள் வைத்துக்கொண்ட முழக்கம். அதே வருடம் டேனா லூயிஸ் என்ற பெண், தனியாகத் தூங்கும்போது சென்சாரின் சத்தம் தன்னை எழுப்பவில்லை என்பதால் சத்தத்தைப் பெரிதாக்கத்தான் முதலில் முயன்றார். பிறகு அவரும் நண்பர்களும் சென்சாரையும் இன்சுலின் பம்பையும் (உடம்போடு இணைந்து இன்சுலினைச் செலுத்தும் கருவி) ஒரு சின்னக் கம்ப்யூட்டரால் இணைத்து, இன்சுலினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் முறையை உருவாக்கி, 2015ல் ஓப்பன்ஏ.பி.எஸ். என்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அது கிறுக்குத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. 2019ல் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ., அனுமதி இல்லாத இணைப்பால் ஒருவருக்கு இன்சுலின் அதிகமாகப் போய்விட்டது என்று எச்சரிக்கையும் விட்டது. அந்த எச்சரிக்கையை மறைக்காமல் குழுவில் எல்லோரும் வைத்துப் பேசினார்கள். பிறகு நியூசிலாந்தில் 97 பேரை வைத்து முறையான ஆய்வு நடந்தது. 2022ல் வந்த முடிவில், திறந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் சரியான அளவுக்குள் இருந்த நேரம் 61 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாகக் கூடியது. 2023ல் அந்த வழியில் வந்த ஒரு செயலிக்கு எஃப்.டி.ஏ. அனுமதியே கொடுத்தது.

எங்களிடம் பம்பு கிடையாது, லட்சக்கணக்கில் விலை. அதனால் அலாரம் வரைக்கும்தான். எங்கள் டாக்டரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் காட்டினோம். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: சென்சார் அளவை வைத்து மட்டும் ஊசி கூட்டக் கூடாது, விரலில் ஒரு முறை குத்திச் சரிபார்த்துவிட்டுத்தான். சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை. ரத்தத்தில் ஏறி இறங்குவது அங்கே தெரிய ஐந்து பத்து நிமிடம் பிந்தும்.

நம் ஊர்ப் பாடம் தனி. சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு உரிந்துவிடும், விளையாட்டு வீரர்கள் சுற்றும் டேப்பை வட்டமாக வெட்டி மேலே ஒட்டுவோம். பரோட்டா சால்னா சாப்பிட்டால் சர்க்கரை உடனே ஏறாது, எண்ணெய் செரிமானத்தைத் தாமதமாக்குவதால் மூணு மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் ஏறும். ஜிகர்தண்டாவுக்கு நேர் எதிர், நிமிடங்களில் செங்குத்தாகப் போகும். இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், எங்கள் குழுவில் இருக்கும் திண்டுக்கல், விருதுநகர்க் குடும்பங்களும் அவரவர் நோட்டைப் பகிர்கிறார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை.

தம்பி, உங்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை. கருவியை உடம்போடு சேர்க்க ஒரு தேவை இருந்தால், அதில் வரும் தொல்லைகளைத் தாங்கும் பொறுமையும் வந்துவிடுகிறது. கதவு திறப்பது அந்தத் தேவைதானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அண்ணாநகர்_பயோமெட் | வெள்ளி, மாலை 5.10

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை என்னுடையது. வில்லாபுரம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பொருள் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். உடம்புக்குள் வைக்கும் எதுவும் உடம்போடு சண்டை போடாத பொருளாக இருக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை நோயாளிகளுக்கு வெளிநாட்டு லென்ஸ் கட்டுப்படியாகாமல்தான் 1992ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்தது. நூறு டாலருக்கு மேல் விற்ற பொருள் பத்து டாலருக்குக் கீழே வந்தது. இந்த ஊரில் கண்ணுக்குள் செயற்கை லென்ஸோடு நடமாடுகிறவர்கள் எத்தனை வீட்டில்! உங்கள் தாத்தா பாட்டியில் ஒருவராவது இருப்பார்.

அந்த லென்ஸின் கதை இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம். இரண்டாம் உலகப் போரில் விமானி அறையின் பிளாஸ்டிக் மேல்மூடி சிதறி, அந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டன. அவை அங்கேயே கிடந்தும் கண் வீங்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை என்பதை லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பரில் ஒரு நோயாளிக்கு வைத்தார். பெரிய டாக்டர்கள் பல வருடம் அவரை ஏற்கவில்லை. இன்றைக்கு உலகத்தில் அதிகம் நடக்கும் அறுவை சிகிச்சைகளில் அது ஒன்று. ஆகவே வழக்கத்துக்கு மாறாக ஒருவர் முயல்கிறார் என்பதற்காகவே அவரை நான் ஒதுக்கமாட்டேன்.

சிப் கண்ணாடி உடம்போடு ஒத்துப்போகும் வகைதான். நாய்களுக்கு வைக்கும் சிப்பில் சதை பிடித்துக்கொள்ள ஒரு மேல்பூச்சு இருக்கும், அதை மட்டும் கையில் வைக்காதீர்கள், எடுக்கும்போது சதையோடு வரும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

விரல் நுனியில் காந்தம் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. மின்கம்பி, மோட்டார் பக்கத்தில் விரலைக் கொண்டு போனால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு விரலில் தெரியும் என்பார்கள், உண்மைதான். நியோடிமியம் காந்தம் ஈரத்தில் துருப்பிடிக்கும், பூச்சு விரிசல் விட்டால் அவ்வளவுதான். அமெரிக்கப் பத்திரிகையாளர் குவின் நார்டனுக்கு 2005ல் வைத்த காந்தத்தின் உறை உள்ளேயே கிழிந்து, விரலில் கறுத்து, உடைந்து போனது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் அந்தக் கையோடு போக முடியாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டிம் கேனன் 2013ல் உடல் வெப்பம் அளக்கும் பெரிய கருவி ஒன்றை முன்கையில் பேட்டரியோடு தைத்துக்கொண்டார், சில மாதத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வீக்கத்தின் படத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பேட்டரி உள்ள எதையும் தோலுக்கு உள்ளே கொண்டு போகாதீர்கள்.

கூடல்நகர்_கர்லா | வெள்ளி, இரவு 8.00

சிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். என் ஜிம்முக்கு வரும் பசங்கள் இணையத்தில் வாங்கிய பெப்டைடு, ஸ்டீராய்டு ஊசிகளைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், ஒருவர் ஊசியை இன்னொருவர் பயன்படுத்துகிறார்கள். பாட்டிலில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். அதற்கும் பயோஹேக்கிங், அதாவது தன் உடம்பைத் தானே மாற்றிப் பார்ப்பது, என்றுதான் பெயர் சொல்கிறார்கள். கேட்டால் கோபம் வருகிறது. டாக்டர்கள் யாராவது இங்கே இருந்தால் ஜிம்முக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுங்கள், இடம் நான் தருகிறேன்.

கோரிப்பாளையம்_செவிலி | வெள்ளி, இரவு 8.25

அண்ணே, ஊசி பகிர்வதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் அது நேர் வழி. பயன்படுத்தியவர்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அங்கே ஐ.சி.டி.சி. என்கிற ஆலோசனை, பரிசோதனை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமாக வைப்பார்கள். ஜிம்முக்கு நானே வருகிறேன், தனிச் செய்தி அனுப்புங்கள்.

நாகமலை_ஆய்வகம் | வெள்ளி, இரவு 10.40

பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி மாணவி. இதுவரை யாரும் தொடாத மரபணுப் பக்கம் பற்றி.

2017 அக்டோபரில் அமெரிக்க பயோஹேக்கர் ஜோசையா ஜெய்னர் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையில், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேடின் மரபணுவை வெட்டும் என்று சொல்லி கிரிஸ்பர் (மரபணுவை வெட்டி மாற்றும் முறை) கலவையைத் தன் கையில் குத்திக்கொண்டார். தசை வளரவில்லை. வெறும் டி.என்.ஏ.வை ஊசியில் ஏற்றினால் அது ஒரு சில செல்களுக்குள் போனாலே அதிகம், அதில் வெட்டு நடப்பது இன்னும் குறைவு. அடுத்த 2018 பிப்ரவரியில் ஆரன் டிரேவிக் என்பவர் ஆஸ்டினில் மேடையேறி, முறையாகச் சோதிக்கப்படாத ஹெர்பிஸ் தடுப்பு மருந்தைத் தொடையில் ஏற்றிக்கொண்டார். அது வேலை செய்ததா என்று அளக்க ஒரு ஏற்பாடும் இல்லை. அதைப் பார்த்த பிறகு, இப்படியே போனால் யாருக்காவது ஆபத்து வரும் என்று ஜெய்னரே வெளிப்படையாகச் சொன்னார். 2019ல் கலிபோர்னியாவில் இந்த வகைப் பெட்டிகளில் "சுய பயன்பாட்டுக்கு இல்லை" என்று எழுத வேண்டும் எனச் சட்டமே வந்தது.

நம் நாட்டில் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989ல் வந்த விதிகள் இருக்கின்றன. மரபணு மாற்றிய நுண்ணுயிரியை இறக்குமதி செய்யவோ வளர்க்கவோ குழு அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாடி அறையில் கிரிஸ்பர் பெட்டி வைத்து அப்படி வளர்ப்பது இந்த விதிகளுக்கு எதிரானது. யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

தன் உடம்பில் சோதனை செய்வது எனக்கு அருவருப்பான விஷயம் இல்லை. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று காட்ட பாரி மார்ஷல் 1984ல் அதையே குடித்தார், 2005ல் நோபல் வாங்கினார். குடிப்பதற்கு முன்னும் பின்னும் எண்டோஸ்கோப்பி எடுத்து வயிற்றைக் காட்டினார், அதனால்தான் அது அறிவியல். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் நீர்மூழ்கி வீரர்களுக்காக அழுத்தக் கூண்டுக்குள் தானே உட்கார்ந்து முதுகெலும்பு அடிபட்டவர். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964ல் புவனேஸ்வரில் இறந்தார்.

எங்கள் நாகமலையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் காமராசர் பல்கலைக்கழகத்தில் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். முதலில் குகை வவ்வால்கள், பிறகு மனிதர்கள். கடிகாரம், சூரிய வெளிச்சம், செய்தித்தாள் எதுவும் இல்லாத தனிமைக் கூடத்தில் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் தங்கினார்கள். அவர்கள் தூங்கும் நேரம், விழிக்கும் நேரம், உடல் வெப்பம் எல்லாம் பதிவானது. சிலருக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைத் தாண்டி வெகுவாக நீண்டுபோனது, உள்ளே இருந்தவருக்கு அது தெரியவே இல்லை. வெளியே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், அதனால் நமக்குத் தெரிந்தது.

மேடையில் ஊசி குத்தியவர்களுக்கும் வில்லாபுரம் அக்காவுக்கும் நான் பார்க்கும் வேறுபாடு இதுதான். அக்காவிடம் நோட்டு இருக்கிறது, சரிபார்க்க விரல் ரத்தம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், வேறு ஊர்களில் அதையே செய்து பார்த்துச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. தம்பி, சிப் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்த நாலில் உங்களிடம் எது இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

திருநகர்_சால்டரிங் | சனி, காலை 7.30

எல்லாவற்றையும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் அதிகம் கேட்டது லென்ஸ் கதையைத்தான், தாத்தாவுக்கு அரவிந்தில்தான் ஆபரேஷன்.

அந்தக் கடையில் கேட்டுவிட்டேன். ஆட்டோகிளேவ் இல்லை, அங்கே போகமாட்டேன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போகிறேன். அதே என்டேக்216 மோதிரமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு கதவுப் பூட்டை ஓட்டிப் பார்க்கிறேன். தினமும் எத்தனை முறை உண்மையில் பயன்படுகிறது என்று பூட்டே பதிவு செய்யும்படி எழுதிவிடுவேன். ஆசை போகவில்லை, சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், ஒரு டாக்டர் சம்மதித்தால் வைத்துக்கொள்வேன்.

வில்லாபுரம் அக்கா, போன் அலறுவது போதுமானதாக இருக்கிறதா? நைட்ஸ்கவுட்டில் அளவு ஏறுகிறது என்றால், வைஃபை உள்ள ஒரு சின்ன போர்டை வைத்துப் படுக்கை பக்கத்தில் தனி அலாரம் செய்து தர முடியும். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் வரும்.

கோரிப்பாளையம்_செவிலி | சனி, காலை 8.10

வேலைக்குப் போன பிறகும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன் தம்பி. ஆரோக்கியமான கையைக் கிழிக்க ஒரு கதவு போதாது. ஆனால் தடுப்பூசிக்கு நன்றி. மூன்று தவணை உண்டு, முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

வில்லாபுரம்_அம்மா | சனி, காலை 11.45

தம்பி, செய்து கொடுத்தால் நிஜமாகவே உதவியாக இருக்கும். போனில் இருக்கும் சிக்கலைச் சொல்கிறேன். சில நேரம் போனே பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செயலியை மூடிவிடுகிறது, காலையில்தான் தெரியும். அப்புறம், சத்தம் கேட்டு மகன் பயந்து எழுகிறான், பக்கத்து அறையில் மாமியாரும் எழுந்துவிடுகிறார். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும், தலையணைக்கு அடியில் அதிர்கிற மாதிரி ஏதாவது முடியுமா?

அண்ணாநகர்_பயோமெட் | சனி, மதியம் 12.20

குறுக்கிடுகிறேன். வார்டு மானிட்டர்களில் நாங்கள் முதலில் சோதிப்பது எண் குறைந்தால் சத்தம் வருகிறதா என்பதை இல்லை. வயரைப் பிடுங்கினால் சத்தம் வருகிறதா என்பதை. இதற்கும் அதே விதிதான். வைஃபை போனாலும், கரண்டு போனாலும், சென்சார் தகவல் பதினைந்து நிமிடம் வராவிட்டாலும் அலாரம் அடிக்க வேண்டும். பேசாமல் இருக்கும் அலாரத்தை "எல்லாம் சரி" என்று அம்மா நம்பித் தூங்கிவிடுவார். போர்டுக்குள் சார்ஜ் ஏறும் பேட்டரி வையுங்கள். போனில் இருக்கும் அலாரத்தை நிறுத்தவே கூடாது, இது அதற்கு மேல் இரண்டாவது மட்டும்.

திருநகர்_சால்டரிங் | சனி, மதியம் 12.50

சரி சார், அப்படியே எழுதிக்கொள்கிறேன். அக்கா, போனில் இருக்கும் பழைய அதிர்வு மோட்டார் மீனாட்சி பஜாரில் கிடைக்கும், ஆனால் தலையணைப் பஞ்சைத் தாண்டி அது தெரியுமா என்று சந்தேகம். கேம் கன்ட்ரோலரில் வரும் பெரிய மோட்டாரை முதலில் என் தலையணையில் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் இரவில் கரண்டு போனால் வைஃபைக்கு இன்வெர்ட்டர் உண்டா? இல்லை என்றால் சிம் போடும் போர்டாகப் பார்க்க வேண்டும், அதன் விலை வேறு.

வில்லாபுரம்_அம்மா | சனி, மதியம் 1.30

இன்வெர்ட்டர் உண்டு, வைஃபை பெட்டி அதில்தான் இருக்கிறது. முதல் ஒரு மாதம் விரல் ரத்தத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன், எந்த நேரம் அடித்தது, எந்த நேரம் அடிக்காமல் விட்டது என்று. நீங்கள் செய்து முடித்ததும் மென்பொருளை எங்கள் குழுவுக்கும் கொடுக்க அனுமதிப்பீர்களா? விருதுநகரில் ஒரு அம்மா இப்போதே கேட்கிறார்.